டீச்சர் தொடக் கூடாது

சிவப்பு மைப் பேனாவைப் பார்த்தாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இருபது வருஷத்துக்கு மேலாக அந்தப் பேனாதான் எனக்குச் சோறு போடுகிறது. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை நான். ரெக்கார்டு நோட்டுகளில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுப் போட்டு, என் பெயர் ஒரு கோடும் ஒரு சுழியுமாகத் தேய்ந்துபோய்விட்டது. அந்தக் கோடும் சுழியும் ஒரு பிள்ளையின் வாயில் மண்ணைப் போட்டன. போட்டது நான்தான். வேறு யாரையாவது திட்டலாம் என்று ரொம்ப நாள் முயன்று பார்த்தேன், ஆள் கிடைக்கவில்லை.

எல்லாம் ஒரு பெட்டியில் தொடங்கியது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவி ஒருத்தி பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரிய அட்டைப் பெட்டியை அனுப்பியிருந்தாள். உள்ளே அலுமினியச் சட்டங்கள், பல்சக்கரங்கள், சின்னச் சின்ன மோட்டார்கள், ஆயிரம் திருகாணி. பள்ளி மாணவர்களுக்கான ரோபோ போட்டி ஒன்று மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் நடக்கிறது, நம் பிள்ளைகளும் போக வேண்டும் என்று கடிதம் வைத்திருந்தாள். எச்.எம். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நீங்கதானே பிசிக்ஸ் என்றார். கணினியில் ஏற்ற வேண்டிய பட்டியல்களே எனக்குக் கழுத்து வரைக்கும் கிடந்தன. எரிச்சலோடுதான் ஒத்துக்கொண்டேன்.

ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். அதில் ஒருத்தியைத்தான் இங்கே சொல்ல வேண்டும். பிளஸ் ஒன், முக்கூடலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அப்பா பம்புசெட் மோட்டார் பழுது பார்க்கிறவர். ஸ்பேனரைக் கையில் வாங்கினாளென்றால் எத்தனையாம் நம்பர் என்று பார்க்காமலே சரியானதை எடுப்பாள். அதற்கு முந்தின வருஷம் அறிவியல் கண்காட்சிக்கு ஒரு தண்ணீர் இறைக்கும் இயந்திரம் செய்துகொண்டு வந்திருந்தாள். மதிப்பெண் போட வந்தவர்கள் உங்க அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார்கள். சொன்னாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்பா நல்லாச் செஞ்சு குடுத்திருக்காரே என்று ஆறுதல் பரிசு கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பரிசுக் கிண்ணத்தை அவள் வீட்டுக்குக் கொண்டுபோகவே இல்லை. இன்னும் எங்கள் லேபில் திருகாணி போட்டு வைக்கத்தான் கிடக்கிறது.

போட்டியின் விதிப் புத்தகம் தடியாக, ஆங்கிலத்தில் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில், பழைய வேதியியல் சாமான் அறையில் உட்கார்ந்து நான் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல அவர்கள் கரும்பலகையில் எழுதிக்கொண்டார்கள். இயந்திரம் பந்தை எடுத்து உயரத்தில் போட வேண்டும், அதுதான் ஆட்டம். தொடங்கும்போது அது நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பதினெட்டு அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். தொடங்கியபிறகு கையை நீட்டிக்கொள்ளலாம். பசை போட்டு ஒட்டக் கூடாது. உடைந்தால் சில்லாகத் தெறிக்கிற பிளாஸ்டிக் கூடாது. மோட்டார் இத்தனைக்கு மேல் கூடாது. ஒரு வரிக்கு ஒரு சண்டை நடக்கும். ரப்பர் வளையம் தீர்ந்துபோய் ஒருத்தி தலையில் போட்டிருந்த பேண்டைக் கழற்றி மாட்டப் போனாள். மற்ற நான்கு பேரும் புத்தகத்தைப் புரட்டி அது செல்லாது என்று நிரூபித்த பிறகுதான் ஓய்ந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

ஒருநாள் அந்த விதி வந்தது. இயந்திரத்தை யோசிப்பது, பூட்டுவது, அதற்கு நிரல் எழுதுவது எல்லாம் மாணவர்களே செய்ய வேண்டும். பெரியவர்கள் பாடம் சொல்லித் தரலாம், வேலையைச் செய்து தரக் கூடாது. முக்கூடல்காரி திரும்ப ஒருதரம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"அப்பம் இதுல எங்கப்பா செஞ்சதுன்னு யாரும் சொல்ல முடியாதுல்லா டீச்சர்? ரூலே இருக்கு."

சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: டீச்சர் தொடக் கூடாது. தரையில் சாக்பீஸால் ஒரு கோடும் கிழித்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் என் நாற்காலி.

நான்கு மாதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எனக்குக் கை சும்மா இருக்காது. வகுப்பில் ஒரு பிள்ளை மின்சுற்றைத் தப்பாக இணைத்தால் பிடுங்கி நானே மாட்டிவிட்டு நகர்கிறவள். இங்கே அந்த இயந்திரத்தின் கை, பந்தைத் தூக்கினதும் பொத்தென்று கீழே விழுந்தது. ஏன் விழுகிறது என்று எனக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. அவர்களுக்கு நான்கு நாள் ஆயிற்று. இரண்டாம் நாள் என்னையறியாமல் கையை நீட்டிவிட்டேன். அவள் என் மணிக்கட்டைப் பைய விலக்கினாள்.

"தொடக் கூடாது டீச்சர்."

வாய்க்கொழுப்பைப் பார் என்று மைதானத்துக்குப் போய் வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். நான்காம் நாள் சின்னப் பல்சக்கரம் பெரியதை ஓட்டுகிற மாதிரி இரண்டு அடுக்காக மாற்றிப் போட்டிருந்தார்கள். கை மெதுவாக எழுந்தது, எழுந்த இடத்தில் நின்றது. நான் மனசில் வைத்திருந்த தீர்வு அது இல்லை. மேலே ரப்பர் கட்டி இழுத்துப் பிடிக்கலாம் என்று நினைத்திருந்தேன். அவர்கள் செய்தது என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதுவும் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

இவ்வளவு ஒழுங்காக இருந்தவள், புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது புத்தியைக் காட்டினேன்.

போட்டிக்கு ஒரு வேலைக் குறிப்பேடும் கொண்டுபோக வேண்டும். என்றைக்கு என்ன செய்தோம், எது சரிவரவில்லை, எப்படி மாற்றினோம் என்று பிள்ளைகளே எழுதிவர வேண்டும். எழுதித்தான் வைத்திருந்தார்கள். ஒரு நீள நோட்டு. கிரீஸ் கறை, டீ சிந்தின வட்டம், ஐந்து கையெழுத்து, பாதி தமிழ், பாதி ஆங்கிலம், பக்கத்துக்குப் பத்து அடித்தல். கை விழுந்த நான்கு நாளுக்கும் நான்கு படம் போட்டு, மூன்றின் மேல் பெரிய பெருக்கல் குறி. அதைப் புரட்டினதும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இதையா நாலு பேர் முன்னால் கொண்டுபோய் நீட்டப் போறீங்க என்று கத்தினேன். புது பைண்டு நோட்டு வாங்கிவரச் சொன்னேன். ஐவரில் கையெழுத்து முத்து மாதிரி இருக்கிறவள் ஒருத்தி. அவளை உட்காரவைத்து, ஓரத்தில் ஸ்கேலால் கோடு போட்டு, மூன்று நாளில் எல்லாவற்றையும் அழகாகப் பார்த்து எழுத வைத்தேன். விழுந்த கைகளெல்லாம் போய்விட்டன. நின்ற கை மட்டும் இருந்தது.

முக்கூடல்காரி மட்டும் மெதுவாக ஆட்சேபித்தாள். அடித்ததும் திருத்தினதும் இருக்க வேண்டும் என்று விதியில் போட்டிருக்கிறதே டீச்சர் என்றாள். நான் விடவில்லை.

"அதெல்லாம் வெளிநாட்டுக்காரனுக்கு எழுதுனது. நம்ம ஊர்ல அடித்தல் திருத்தல் இருந்தா எவன்ட்டி மார்க் போடுவான்?"

அத்தோடு நிற்கவில்லை. சிவப்பு மைப் பேனாவை எடுத்தேன். பழக்கதோஷம். எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கோடும் சுழியும். நன்றாக இருந்த பக்கங்களில் 'குட்' என்று எழுதி இரண்டு கோடு அடித்தேன். பழைய நோட்டை என்ன செய்ய என்று கேட்டார்கள். பள்ளியில் அந்த வாரம் பழைய பேப்பர் எடைக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதோடு போடுங்கட்டி என்றேன். போட்டுவிட்டார்கள். சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளைகள். அப்படித்தானே வளர்த்திருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்தேன். முந்தின ஆண்டுவிழாவில் இதே பெண்ணை மேடையில் பேசச் சொன்னபோது, நான் செஞ்சேன், நான் செஞ்சேன் என்றே பேசிவிட்டு இறங்கினாள். எச்.எம். முகம் சுண்டிப்போயிற்று. அன்றைக்கு ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு அவளைக் கிழி கிழியென்று கிழித்தேன். இந்தத் தடவை அப்படி ஆகிவிடக் கூடாது என்று ஐந்து பேரையும் வரிசையாக நிறுத்தி ஒப்பிக்க வைத்தேன். யார் என்ன கேட்டாலும் முதலில் ஸ்கூல், அப்புறம் எச்.எம்., அப்புறம் டீச்சர். 'நான்' என்கிற வார்த்தையே வரக் கூடாது.

போட்டியன்று விடிகாலையில் வேனில் கிளம்பி, சாப்பாட்டுக்கு முன் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரிய அரங்கம். ஆய்வு மேசைக்கு முன்னால் தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருந்தார்கள். கூட வந்த பெரியவர்கள் டேப்புக்கு வெளியே நிற்க வேண்டும், பேசக் கூடாது. எங்கள் இயந்திரத்தை ஒரு பெட்டிக்குள் இறக்கிப் பார்த்தார்கள். தாராளமாக அடங்கியது. மோட்டாரை எண்ணினார்கள், சரி. கூர்முனை ஏதாவது இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள், இல்லை. பிள்ளைகள் முகத்தில் வெயில் அடித்த மாதிரி ஒரு சிரிப்பு. கடைசியாக ஒரு இளைஞன், டீ ஷர்ட் போட்டவன், சென்னைப் பேச்சு, முக்கூடல்காரியைப் பார்த்துக் கேட்டான்.

"இந்த ஆர்ம் ரொம்ப நல்லா இருக்கே. யார் பண்ணது?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். டேப்புக்கு இந்தப் பக்கமிருந்து நான் தலையை ஆட்டினேன். ஞாபகம் வைத்துச் சொல்லு என்று ஆட்டினேன்.

"எங்க ஸ்கூல், எங்க எச்.எம்., எங்க டீச்சர் இல்லன்னா இது இல்ல சார். எல்லாம் எங்க டீச்சர்தான்."

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அவன் முகம் மாறியது. இல்லம்மா, கையை யார் பூட்டினது என்று திரும்பக் கேட்டான். அவளுக்கு ஏதோ தப்பாகப் போகிறது என்று புரிந்திருக்க வேண்டும், ஆனால் ஒப்பித்ததுதான் வாயில் வந்தது. எல்லாம் டீச்சர்தான் சார் என்றாள். அவன் குறிப்பேட்டைத் திறந்தான். முதல் பக்கம், சிவப்பு மை. புரட்டினான், சிவப்பு மை. நடுவில் திறந்தான், சிவப்பு மை, குட். முழுக்க ஒரே கையெழுத்து, ஒரே பேனா, ஒரு அடித்தல் இல்லை. நான்கு மாதத்து வேலையை மூன்று நாளில் உட்கார்ந்து எழுதினது குருடனுக்குக்கூடத் தெரியும். இந்த ரெட் இங்க் யாரோடது என்று கேட்டான். ஐந்து பேரும் தலை குனிந்தார்கள்.

நான் டேப்பைத் தாண்டிவிட்டேன். எப்போது தாண்டினேன் என்று தெரியாது. ஒரு திருகாணி, ஒரே ஒரு திருகாணியைக்கூட நான் தொட்டதில்லை, வேண்டுமானால் எல்லாவற்றையும் கழற்றிப் போடுங்கள், இந்தப் பிள்ளை உங்கள் கண் முன்னால் பூட்டிக் காட்டுவாள் என்று அரங்கம் அதிரக் கத்தினேன். அவன் பொறுமையாக, மேடம் ப்ளீஸ், லைனுக்கு வெளியே நில்லுங்கள் என்றான். பின்னால் வேறு பள்ளிகள் வரிசையில் நின்றன, கழற்றிப் பூட்ட நேரமில்லை என்றான். நான் போகவில்லை. என் தொண்டை அடங்கினதும் அவள் ஒரு வார்த்தை சொன்னாள்.

"நான்தான் சார் செஞ்சேன்."

அவன் அவளைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்ப ஏம்மா முதல்லயே சொல்லல என்றான்.  அவளிடம் இருந்த பதில் என்னைக் காட்டிக்கொடுக்கிற பதில். அதைச் சொல்லவில்லை அவள்.

தாளில் ஏதோ குறித்தான். பெரிய நடுவர் ஒருவர் வந்து வாசித்துப் பார்த்தார். பெரியவர் செய்த இயந்திரம் என்று சந்தேகிக்க இடம் இருப்பதால், ஆட்டத்தில் கலந்துகொண்டாலும் அடுத்த சுற்றுக்கு எடுத்துக்கொள்ளப்படாது என்று தீர்ப்பு. பிள்ளைகள் ஆடினார்கள். பாதிக்கு மேல் ஜெயித்தார்கள். அந்தக் கை ஒருதரம்கூடக் கீழே விழவில்லை. யாருக்கு என்ன பிரயோஜனம்?

திரும்புகிற வேனில் கோவில்பட்டி தாண்டினதும் நான் எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. அந்தப் பயலுக்கு ஒண்ணும் தெரியலட்டி, மரியாதைன்னா என்னன்னே தெரியாத ஊர்க்காரன் என்றேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரல் உயரவே இல்லை.

"அவரு ரூல்படிதான் செஞ்சாரு டீச்சர். போன வருசம் எங்கப்பா செஞ்சதுன்னு சொன்னாங்க. இப்பம் நீங்க செஞ்சதுன்னு சொல்லுதாங்க."

வேன் வண்ணார்பேட்டைப் பாலம் ஏறியது. கீழே ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. வேனை நிறுத்தி இறங்கி யாரையாவது நாலு சாத்துச் சாத்த வேண்டும் போல இருந்தது. என்னைத் தவிர வேறு யாரும் தோன்றவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அசெம்பிளி. ஜெபம் முடிந்ததும் கலந்துகொண்டதற்கான சான்றிதழ்களை எச்.எம். மேடையில் கொடுத்தார். நம் டீச்சரின் சிறந்த வழிகாட்டுதலில் என்று ஆரம்பித்து என்னைப் பற்றி ஐந்து நிமிஷம் புகழ்ந்தார். எனக்கு முள்மேல் நிற்கிற மாதிரி இருந்தது. பிறகு முக்கூடல்காரியைப் பேசக் கூப்பிட்டார். வழக்கமாக நான்தான் எழுதிக்கொடுப்பேன். இந்தத் தடவை கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. வெறுங்கையோடு மைக் முன்னால் வந்து நின்றாள்.

"இத நாங்க அஞ்சு பேரும் செஞ்சோம். கைய நான் பூட்டுனேன். டீச்சர் தொடலை."

அவ்வளவுதான், இறங்கிவிட்டாள். யாருக்கும் நன்றி இல்லை, வணக்கம்கூட இல்லை. பிள்ளைகள் கைதட்டுவதா வேண்டாமா என்று எச்.எம். முகத்தைப் பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. நான்கு மாதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு ஒரு வார்த்தை கிடையாதா என்று அப்போதும் ஒரு கோபம் வந்தது பாருங்கள். அந்தக் கோபத்தை நினைத்தால்தான் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அவள் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய்யில்லை.

முதல் பீரியட் மணி அடித்ததும் எச்.எம். கூப்பிட்டு அனுப்பினார். என்ன பிள்ளை வளர்த்து வைத்திருக்கிறீர்கள், மைக்கைப் பிடித்து நான் நான் என்று பேசுகிறாள், நன்றி சொல்லத் தெரியவில்லை, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்று பொரிந்தார். அவளைக் காப்பாற்ற வேண்டும் என்ற அவசரத்தில் முந்திக்கொண்டேன்.

"நான்தான் அவள அப்படிச் சொல்லச் சொன்னேன்."

அவர் அடங்கிவிட்டார். நீங்க சொன்னா ஏதாவது காரணம் இருக்கும் என்று ஃபைலை இழுத்துக்கொண்டார். ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு வெளியே வந்தேன். வாசல் ஓரம் அவள் நின்றுகொண்டிருந்தாள். லேப் சாவியைக் கொடுக்க வந்தவள். கதவு திறந்துதான் இருந்தது, எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. சாவியை நீட்டினாள்.

"இதுவும் நீங்கதானா டீச்சர்?"

சாவி என் கையில் சுட்டது. இரண்டு எட்டு வைத்து நடந்துவிட்டேன். பிறகு நின்றேன். திரும்பி உள்ளே போய், மேசைக்கு முன்னால் நின்று, நான் சொன்னது பொய் என்றேன். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகத்தான் பேசினாள் என்றேன். எச்.எம். கண்ணாடியைக் கழற்றி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்ப அவளையே கூப்பிடுங்க, நான் கேட்டுக்கிடுதேன் என்றார். வெளியேதான் நிற்கிறாள் என்று சொல்லிவிட்டு நகர்ந்து வழி விட்டேன்.

அவள் உள்ளே போனாள். நான் வாசல்படிக்கு வெளியே வந்து நின்றுகொண்டேன். உள்ளே எச்.எம். குரல் ஏறியது. யாரைக் கேட்டுப் பேசினாய், யார் எழுதிக்கொடுத்தது என்று கேட்பது கேட்டது. எனக்கு வாய் துடித்தது. உள்ளே புகுந்து ஒரு வார்த்தை போட்டால் போதும், எல்லாம் அமர்ந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

 அப்புறம் அவள் பேசினாள்.

"யாரும் எழுதிக் குடுக்கல. நானாத்தான் சொன்னேன்."